பெரியவருக்குப் பல்லுத் தீட்டிய சனிக்கிழமைகள்

முதலில் தரைதான் நடுங்கும். சத்தம் பிறகுதான் வரும். நிலவறையில் எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கி, சுவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்களுக்குக் காற்று ஏறுகிற அந்த அரை நிமிடத்தில், இசை மண்டபத்தின் மரத்தரை என் கம்பளிக் காலுறையைத் தாண்டி உள்ளங்காலைக் கூசவைக்கும். தரை மெழுகும் ஈரத் துணியும் கலந்த வாசனை, வரிசை வரிசையாய் ஆயிரம் சிவப்புக் கதிரைகள், அவற்றில் ஒன்றிலும் ஆளில்லை. பிறகு ஓகன் என்ற அந்தக் குழாய் வாத்தியம் வாயைத் திறக்கும். இப்படி எழுதுவதால் எனக்கு இசை தெரியும் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓகனில் தூசி எங்கெங்கே படியும் என்பதுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் அம்மாவும் டென்மார்க்குக்கு வந்து, ஓகூஸ் நகரத்தில் நாலாம் மாடியில் இரண்டு அறை வீடொன்றில் குடியேறி ஒன்றரை வருடமாகியிருந்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் நின்றார். "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று சொல்லி எங்களை அனுப்பியவர். அம்மாவுக்கு நகரத்தின் பெரிய இசை மண்டபத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டால் "கொம்யூன் எண்ட நகரசபை ஆக்கள் வந்து தூக்கிக்கொண்டு போயிடுவினம்" என்று எங்கள் சனம் அந்த நாட்களில் ஆளையாள் பயமுறுத்திக்கொண்டிருந்ததால், அம்மா என்னையும் இழுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். நான் வாளியைத் தூக்குவேன், அல்லது தூக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு நடுவழியில் கதிரையில் படுத்திருப்பேன்.

அது தேவாலயத்து ஓகன் அல்ல. படங்களுக்குப் பேச்சு வராத காலத்தில், திரைக்கு முன்னால் ஒரு வாத்தியக் கோஷ்டி முழுவதும் செய்யவேண்டிய வேலையை ஒரே ஆளைக்கொண்டு செய்விப்பதற்கென்று செய்யப்பட்ட ஓகன். வாசிக்கிற மேசை மேடைக்கு முன்னாலுள்ள குழிக்குள் இருக்கும். ஒரு விசையை அழுத்தினால் வாசிப்பவரோடு சேர்ந்து மெல்ல மேலே எழும்பி வரும். குதிரை லாட வடிவத்தில் வளைந்த அந்த மேசையில், விசைப்பலகைகளுக்கு மேலே, சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக விரல் அளவு தட்டைக் கட்டைகள் மூன்று வரிசையில் இருந்தன. ஒரு கட்டையைக் கீழே அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் எக்காளம். அம்மா அந்த ஓகனைப் "பெரியவர்" என்பார். அந்தக் கட்டைகள் பெரியவரின் "பல்லு". சனிக்கிழமை காலையில் சப்பாத்தை மாட்டும்போதே, "வா பிள்ளை, நேரம் போகுது, பெரியவருக்குப் பல்லுத் தீட்ட வேணும்" என்று அவசரப்படுத்துவார்.

அம்மாவின் பிழை அங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் புரட்டஸ்தாந்து ஆட்கள். ஊர்க் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற சின்ன ஆர்மோனியம் ஒன்றுதான் இருந்தது. குழாய் வைத்த ஓகனை அம்மா கண்டது வேதாகமச் சங்கத்துக் கலண்டர்ப் படத்தில் மட்டும். ஆகவே குழாய் இருந்தால் அது கர்த்தருடைய பொருள் என்பது அவரது முடிவு. மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுவார், தலையைச் சால்வையால் மூடிக்கொள்வார். வேலைச் சப்பாத்து இல்லாமல் நிற்கக்கூடாது என்று மேற்பார்வை செய்யும் டெனிஷ் பெண் வந்து சத்தம் போடுவாள். அம்மா "யா, யா" என்று தலையாட்டிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி கழற்றிவிடுவார்.

"அம்மா, இது கோயில் இல்லை. வாசலிலை பியர் விக்கினம்" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"அது வெளியிலை" என்றார் அம்மா.

பத்து மணிக்கு ஓகன்காரர் பயிற்சிக்கு வருவார். நரைத்த புருவம் கண்ணுக்குள் விழுகிற, நீண்ட காதுகள் கொண்ட கிழவர். எங்கள் கட்டிடத்தில் ஒன்றரை வருடம் இருந்தும் ஒரு சொல் பேசாத அயலவர்கள் இருந்த அந்த நகரத்தில், அம்மாவின் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொன்ன ஒரே டெனிஷ் மனிதர் அவர்தான். பற்களை எப்படித் துடைப்பது என்று அம்மாவுக்குக் கையால் காட்டிக்கொடுத்தவரும் அவரே. துணி இடமிருந்து வலமாகத்தான் போகவேண்டும், மேலிருந்து கீழாக ஒருபோதும் வரக்கூடாது. கீழாக இழுத்தால் கட்டை விழுந்துவிடும், விழுந்த கட்டை விழுந்தபடியே கிடக்கும், பிறகு வாசிக்கிறபோது வேண்டாத சத்தம் வரும். அம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். வலது மூலையில் மற்றவற்றிலிருந்து ஒதுங்கி நாலு சின்னச் சிவப்புக் கட்டைகள் இருந்தன: முரசு, தாளம், ரயில் ஊதல், குருவி. படத்தில் ரயில் வந்தால் ஊதுவதற்கும், தோட்டம் வந்தால் குருவி கத்துவதற்கும். ஓகன்காரர் பயிற்சி முடிந்து எழும்புமுன் எனக்காகக் குருவியை விழுத்தி, காலால் ஒரு மிதி மிதிப்பார். எங்கேயோ கூரைக்குள்ளிருந்து குருவி ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டே கத்துவதுபோல் கேட்கும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அந்த மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் யோகன் மாமா வந்தார். எங்களுக்கு முன்பே வந்து, துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர். டெனிஷ் பாஷை ஓரளவு வரும் என்பதால் எங்கள் எல்லோருடைய கடிதங்களையும் வாசித்துச் சொல்பவர். அவருடைய வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. கதவைத் திறந்ததும் "வாங்கோ அண்ணை" என்றார் அம்மா. அவர் உள்ளே வந்து, கால்துடைப்பத்தின்மேல் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். சப்பாத்தைக் கழற்றாமல் எங்கள் வீட்டில் எவரும் நின்றதில்லை. அம்மா அவருடைய சப்பாத்தைப் பார்த்தார். பிறகு போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து, "எப்ப?" என்று கேட்டார்.

"போன வியாழக்கிழமை, தங்கச்சி. ஷெல் விழுந்தது. அடக்கமும் முடிஞ்சுதாம்."

அம்மா ஒரு தட்டை எடுத்து மேசையில் வைத்தார். "சோறு ஆகீட்டுது. சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

நான் மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கணக்கைச் செய்து முடித்தேன், அதற்கடுத்ததையும் செய்தேன். விடைகள் சரியாகவே வந்தன. இதைச் சொல்லும்போது எல்லோரும் "ஐயோ பாவம்" என்று முகத்தைச் சுருக்குவார்கள், தேவையில்லை. எனக்கு எதுவும் வரவில்லை. வெளியே பனியில் நின்றுவிட்டு வந்தால் விரல் நுனி சொந்த விரல் இல்லாததுபோல் இருக்குமே, அப்படித்தான் அந்த வாரம் முழுவதும் இருந்தேன். அம்மாவும் அழுததாக நான் காணவில்லை. புதன்கிழமை வேலைக்குப் போனார், வியாழக்கிழமையும் போனார். வெள்ளிக்கிழமை யோகன் மாமாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"அண்ணை, நாலு பேர் நிண்டு அடக்கினவையோ, ஒரு பாட்டுப் படிச்சவையோ தெரியாது. அந்த நேரம் ஆர் வெளியிலை வந்திருப்பினம்? அவரை நான் அநாதையா விட ஏலாது. ஒரு பாட்டாவது ஒழுங்காப் படிச்சு அனுப்ப வேணும். பெரியவரிலை வாசிக்கச் சொல்லி அந்த மனிசனைக் கேட்டுச் சொல்லுங்கோ."

"தங்கச்சி, அது படம் காட்டுறதுக்குச் செய்த ஓகன். இஞ்சை சந்திக்குச் சந்தி கோயில் இருக்கு, அங்கை கேப்பம்."

"அங்கை எனக்கு ஆரைத் தெரியும்? இதுக்கும் குழாய் இருக்குதுதானே?"

யோகன் மாமா தலையைச் சொறிந்துகொண்டு போய்க் கேட்டார். ஓகன்காரர் எங்கள் பாட்டு எப்படி இருக்கும் என்றாராம். சனிக்கிழமை காலை அம்மா அவருக்குப் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் முனகிக் காட்டினார். இரண்டாவது வரியிலேயே கிழவர் கையை உயர்த்தி, மீதியைத் தானே முனகி முடித்தார். அது அவர்களுடைய மெட்டுத்தானாம். எந்தக் காலத்திலோ மிஷன்காரர் எங்கள் ஊருக்குக் கொண்டுபோய்த் தமிழ்ச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு ஆட்களை வரச்சொல்லுங்கள், மண்டபத்தில் கேட்டு வைத்திருக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு, கோப்பி குடிக்க வெளியே போனார். யோகன் மாமா ஆட்களுக்குச் சொல்லப் போனார். அம்மா வாளிக்குத் தண்ணீர் மாற்றப் போனார்.

நான் ஓகனுக்கு முன்னால் தனியாக நின்றேன். ஒரு விரலால் குருவியை அழுத்தினேன். மோட்டார் ஓடாததால் சத்தம் ஒன்றும் வரவில்லை. கட்டை மட்டும் "டக்" என்று விழுந்தது. அந்த வாரத்தில் என் காதுக்குள் ஒழுங்காகப் போன முதல் சத்தம் அதுதான். ரயிலை அழுத்தினேன். தாளத்தை, முரசை. டக், டக், டக். ஏன் அழுத்தினேன்? கோபமா, விளையாட்டா, ஒன்றுமே இல்லையா, தெரியாது. அம்மாவின் வாளிச் சத்தம் கேட்டதும் கதிரைக்கு ஓடிவிட்டேன். திருப்பித் தூக்கிவிடவேண்டும் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

பதினொரு மணிக்கு எங்கள் சனம் வந்தது. அன்று அந்த நகரத்தில் இருந்த தமிழர் எல்லாரும் சேர்ந்து இருபது பேர்தான் இருக்கும். குளிர் அங்கிக்குக் கீழே வெள்ளைச் சீலை. வாசலில், அம்மாவைப் பார்த்து அவர்களும் கழற்றிவிட்ட இருபது சோடி பனிச் சப்பாத்து. ஆயிரம் கதிரையுள்ள மண்டபத்தில் முன் இரண்டு வரிசையும் நிரம்பவில்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, அம்மா இடுப்பிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய், பெரியவரின் பற்களை இன்னொரு தடவை துடைத்தார். முன்வரிசையிலிருந்த அத்தனைபேரும் அதைப் பார்த்தோம். பிறகு வந்து என் பக்கத்தில் நின்றார். தரை நடுங்கியது.

முதல் சரணத்தை ஓகன்காரர் கைகளால் மட்டும் வாசித்தார். புல்லாங்குழல் மாதிரி மெல்லிய சத்தம். எங்கள் ஆட்கள் அதற்குள் மெதுவாகப் பாடத் தொடங்கினார்கள். அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நேராகப் போனது. அப்பாவை அடக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நேரம்தான் எனக்கு முதன்முதல் உறைத்தது, அழுகை வந்துவிடப் பார்த்தது. இரண்டாம் சரணத்துக்குப் பாரம் கொடுக்க ஓகன்காரர் கால்பலகையில் காலை வைத்தார்.

முரசு அதிர்ந்தது. தாளம் "ஜல்" என்றது. ரயில் கூவியது. அதெல்லாம் ஓய்ந்தபிறகும் குருவி மட்டும் கூரைக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்த ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. தாய்க்காரி அதன் வாயைப் பொத்தினாள். பாட்டு அறுந்தது. ஓகன்காரர் கையை எடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வலது மூலையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையிலிருந்த துணியைப் பார்த்தார். நாலு கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டார். முதலிலிருந்து மறுபடி வாசித்தார். எல்லோரும் மறுபடி பாடினார்கள். அம்மா பாடவில்லை. எனக்கு வரப்பார்த்த அழுகை எங்கேயோ போய்விட்டது. இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

அதன்பிறகு சனம் சும்மா இருக்குமா? "செத்த வீட்டிலை குருவி கத்த விட்டவ" என்று ஒரு கதை சில மாதம் ஓடித்திரிந்தது. இரண்டு கிழமைக்குள் அம்மா மண்டபத்து வேலையை விட்டுவிட்டு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குப் போனார். ஏன் என்று கேட்டவர்களிடம் "அங்கை கால் குளிருது" என்றார். வெறுங்காலோடு நின்றால் குளிரத்தானே செய்யும் என்று யோகன் மாமா ஏசினார். ஓகனைக் கேட்டால் அப்பாவின் நினைவு வரும், அதுதான் விட்டுவிட்டார் என்று நானாக ஒரு காரணத்தைக் கட்டி வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்த நாட்கள் உண்டு. பத்து வயதில் அடிவிழும் என்று பயம், பதினேழு வயதில் அம்மா மறந்திருப்பார் என்ற எண்ணம், அதற்குப் பிறகு வெறும் பழக்கம். கல்யாணம் கட்டி சில்க்போர்க்கில் குடியேறி, ஒரு கந்தோரில் மேசை வேலை பார்த்து, இரண்டு பிள்ளை பெற்றேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நானும் அம்மாவும் அந்தப் பதினொரு மணியைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

போன மாதம் அந்த மண்டபத்தைத் திருத்தப்போகிறார்கள், அதற்குமுன் சனம் வந்து பார்க்கலாம் என்று பத்திரிகையில் கிடந்தது. நான் அதைச் சும்மாதான் அம்மாவிடம் சொன்னேன். "என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். சனிக்கிழமை, சில்லு வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, என் மகள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகப் போனோம். மண்டப வாசலில் அம்மா நின்று, நடைவண்டியைப் பிடித்தபடி சப்பாத்தைக் கழற்றினார். மகள் டெனிஷில் "அம்மம்மா என்ன செய்கிறார்?" என்று என்னைக் கேட்டாள். "கழட்டட்டும் விடு" என்றேன்.

பெரியவர் அங்கே இல்லை. மேசை போய்விட்டது, குழி இருந்த இடத்தில் புது மரப்பலகை போட்டு மூடியிருந்தார்கள். சுவர்ச் சல்லடைகளுக்குப் பின்னால் குழாய்கள் இருந்த அறைகள் வெறுமையாகக் கிடந்தன. வேறு நாட்டில் யாரோ வாங்கிவிட்டார்களாம். சிவப்புக் கதிரைகளும் சாம்பல் நிறமாகியிருந்தன. அம்மா அந்தப் புதுப் பலகைக்கு முன்னால் வந்து, என் மகளைப் பார்த்து, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்:

"இஞ்சைதான் பிள்ளை, உங்கடை அப்பப்பாவின்ரை, சீ, அம்மப்பாவின்ரை பாட்டை நான் பழுதாக்கினனான். பக்கவாட்டிலை துடை எண்டு அந்த மனிசன் எத்தினை தரம் சொன்னது! அண்டைக்கு எனக்குக் கண் தெரியேல்லை, கீழை இழுத்துப்போட்டன். பிறகு அந்த மனிசன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் வேலையையும் விட்டன்."

மகளுக்குப் பாதி விளங்கியதோ என்னவோ, தலையாட்டினாள். என் கால்சட்டைப் பைக்குள் கை, அதற்குள் காரைத் திறக்கிற திறப்பு. அதை நான் பிடித்திருந்த பிடி மட்டும் தெரிந்தது.

"அம்மா," என்றேன். "அது நீங்கள் இல்லை. நீங்கள் தண்ணி மாத்தப் போன நேரம் நான்தான் நாலையும் அமத்தினனான்."

அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கை மறுபடி கூட்டிப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"அப்ப அது நான் இல்லையோ?"

"இல்லை அம்மா."

"வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார். அவ்வளவுதான். போய்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். நான் அழுதிருக்கவேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரியும். வரவில்லை. காரை எடுக்கப் போனேன்.

கார் சில்க்போர்க் வீதியில் ஏறியதும் அம்மா தன் கைத்தொலைபேசியை எடுத்தார். காது சரியில்லாததால் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார். யோகன் மாமா இப்போது புரொண்பியில் மகனோடு இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டது. மணி பலமுறை அடித்த பிறகுதான் எடுத்தார்.

"யோகன் அண்ணை," என்றார் அம்மா, "அது நான் இல்லையாம்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"எது, தங்கச்சி?"

அம்மா தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.